தண்டோரா போடாத நாள்

ஜூன் 12, திங்கள்

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

மணியக்காரர் வெங்கிடசாமி, தன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு. தாலுகா ஆபீசிலிருந்து சைக்கிளில் காகிதம் கொண்டுவந்த காதர், ஒரு கண்ணில் பூ விழுந்தவர். தலையாரி சோணைமுத்து, காக்கிச் சட்டையில் மேல் பொத்தான் இல்லாமல். கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. ஆற்றோரத் தெருவில் ராக்காயி, அவள் மகன் மொக்கச்சாமி, ஏழு வயது, மகள் பஞ்சவர்ணம், நாலு வயது. கண் தெரியாத மாயிக் கிழவி. கூடை முடைகிற வீரணன், அவன் பெண்டாட்டி, அவர்கள் கைப்பிள்ளை. பால் பண்ணைச் சுப்பன் வீட்டில் ஐந்து பேர். அடுத்த குடிசையில் அக்காள் தங்கை இரண்டு பேர், விருந்துக்கு வந்தவர்கள். கடைசி வீட்டில் ஐந்து பேர், அதில் ஒருத்தி மறுநாள் சடங்கு வைத்திருந்த பெண். ராக்காயியை எடுத்துவிட்டு எண்ணினால் பதினெட்டு வரும். சுப்பன் வீட்டில் ஒருவன் மரத்தில் ஏறிப் பிழைத்தான். ஆக, போனது பதினேழு.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஊரில் இல்லை. வெட்டியான் வேலை அவருக்கு. ஒரு சாவுக்குக் கொட்டாம்பாறைக்குத் துட்டிச் சேதி சொல்ல விடியும்போதே நடந்து போனார்.

1979, நவம்பர் 14, புதன்கிழமை. ஊமையாற்று அணையைத் திறந்துவிட்டார்கள், வெள்ளம் ஆற்றோரத் தெருவை வாரிக்கொண்டு போனது. அணையைத் திறந்தால் வெட்டியான்தான் தண்டோரா போட்டு ஊருக்குச் சொல்ல வேண்டும். அவர் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார், உத்தரவை வாங்கிக் கைநாட்டும் வைத்தார், தண்டோரா போடவில்லை என்று சர்க்கார் எழுதிக்கொண்டது. வேலையைப் பறித்தார்கள். அவர் சாராயத்தைத் தொட்டவர் இல்லை. ஊரில் இல்லாத ஆள் எப்படிக் கைநாட்டு வைப்பார்? மணியக்காரர் பொய்க் கைநாட்டு வைத்தார். இதை நான் நாற்பத்து நாலு வருடமாகச் சொல்கிறேன்.

மனு எழுதுகிற லூர்துமேரிதான் ஞாபகம் இருப்பதை எல்லாம் நோட்டில் எழுதி வைக்கச் சொன்னது. எனக்கு எழுத்து வந்தது முப்பத்தேழு வயதில், அறிவொளி வகுப்பில். கை வலிக்கிறது. போதும்.

ஜூன் 15, வியாழன்

நூறு நாள் வேலை. ஓடைக்கரையில் கோரை பிடுங்கினோம். ராக்காயி அந்தக் கரை, நான் இந்தக் கரை. மேஸ்திரிக்கும் தெரியும், எங்களை ஒரே பக்கம் விடமாட்டார்.

இவ்வளவு நாள் இல்லாமல் இப்போது ஏன் மனு என்று என் மகள் செல்லத்தாய் கேட்டாள். காரணம் கல். ஆற்றோரத்தில் பதினேழு பேருக்கும் பஞ்சாயத்தில் கல் நடப்போகிறார்கள், நவம்பர் 14 அன்று. பெயர்களுக்கு மேலே ஒரு வரி: "தண்டோரா போடத் தவறியதால் உயிர் நீத்தவர்கள்." அந்த வரி ராக்காயி கேட்டு வாங்கியது. வாய்ப்பேச்சு மனிதர்களோடு போய்விடும். கல்லில் வெட்டினால் என் பேரன் பேத்தி, அவர்கள் பிள்ளைகள் வரைக்கும் வெட்டியான் வீட்டு வகையறா என்று விரல் நீட்டுவார்கள்.

அவர் செத்தபோது தெருவில் ஒருவரும் வரவில்லை. ஊரில் எல்லாச் சாவுக்கும் கொட்டியவருக்குக் கொட்ட ஆள் இல்லை. நானும் என் தம்பியும் மகளும் தூக்கிப் போனோம். யார் யார் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்று சொல்லட்டுமா? சொன்னால் இந்த நோட்டுப் போதாது.

ராக்காயியோடு நான் பேசுவதில்லை. பஸ் நிறுத்தத்தில் வைத்து அவர் முகத்தில் துப்பினாள். அதற்கு முன்னாலேயே வேறொரு காரணமும் உண்டு. அது இங்கே வேண்டாம்.

ஜூன் 20, செவ்வாய்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை ஓரத்தில் லூர்துமேரி மேசை போட்டிருக்கிறது. முன்பு கோர்ட்டில் டைப் அடித்தது. மூக்கு நுனியில் கண்ணாடி.

"பெரியம்மா, என்ன வேணும்னு ஒத்த வரியில சொல்லுங்க."

"எங்க வீட்டுக்காரரு கைநாட்டு வெச்சதாச் சொல்ற காயிதம்."

"எதுக்கு?"

"அது அவரு கைநாட்டு இல்லன்னு காட்டுறதுக்கு."

"சரி. அப்ப யாரு கைநாட்டு?"

"அதக் கண்டுபிடிக்கிறது அவுக வேலை" என்றேன்.

கண்ணாடிக்கு மேலே என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுத ஆரம்பித்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், விசாரணைக் கோப்பு முழுவதும், நேரில் பார்வையிடவும் நகல் பெறவும். நான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைக்கிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறபோது எனக்கு இன்றைக்கும் நெஞ்சு நிமிரும்.

ஜூலை 18, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. "தாங்கள் கோரும் கோப்பு இரகசியம் என வகைப்படுத்தப்பட்டுள்ளதால் வழங்க இயலாது." எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

பஸ் ஏறிப்போய் லூர்துமேரியிடம் காட்டினேன். அது சிரித்தது.

"ரகசியம்னா இருக்குன்னு அர்த்தம் பெரியம்மா. காணோம்னு எழுதியிருந்தாத்தான் நாம அழணும்."

"ரகசியம்னு சொல்லிட்டாகளே, அப்புறம் எப்பிடிக் குடுப்பாக?"

"இருபது வருசம் தாண்டின காயிதத்த அப்பிடி ஒளிச்சு வெக்க முடியாது. ஒண்ணு ரெண்டு வெலக்கு இருக்கு, அது இதுக்கு ஒத்து வராது. மேல்முறையீடு போடுவோம்."

பிறகு பேனாவை மூடிவிட்டுக் கேட்டது. "ஒரு வெட்டியான் தூங்கிட்டாருன்னா அதுல ரகசியம் என்ன இருக்கு? சாதாரணமா மூடி வெச்சிருப்பாங்களே."

எனக்கும் பஸ்ஸில் வரும்போது அதே நினைப்பு. ஜன்னல் ஓரம் உட்கார்ந்தும் வேர்த்தது.

ஜூலை 24, திங்கள்

மணியக்காரர் மகன் மோட்டார் சைக்கிளில் வந்தான். அவனுக்கும் அறுபது ஆகிறது. இறங்கவில்லை, காலை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அப்பா ஒங்களப் பாக்கணுங்கறாரு."

"நான் பாக்கணும்னு சொல்லலையே."

"மனு போட்டீங்களாம்ல. வேணாங்கறாரு. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றாரு."

"என் நல்லத ஒங்கப்பாரு நாப்பத்து நாலு வருசத்துக்கு முந்தியில்ல பாத்துருக்கணும்?"

அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன். படவில்லை. பையிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துத் திண்டில் வைத்தான். "இத அப்பா குடுக்கச் சொன்னாரு. காயிதத்த மட்டும் எடுக்க வேணாம், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினான்.

அந்தக் காலத்தில் அவர் வீட்டு வாசலில் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு "சாமி" என்று நிற்போம். இன்றைக்குப் பழம் வருகிறது. பயமில்லாமல் பழம் வராது. பழத்தை ஆடு இரண்டுக்கும் போட்டேன், தோலோடு தின்றன.

ஆகஸ்ட் 3, வியாழன்

செல்லத்தாய் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து முடித்துவிட்டு வந்தாள். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"யம்மா, விட்டுருவமா?"

"ஒனக்கும் பழம் குடுத்தாகளா?"

"வெளாடாத. எனக்கு என்னமோ பயமா இருக்கு. சோணைமுத்து மாமா சாகக் கெடந்தப்ப நான் பாக்கப் போனேன்ல? அன்னைக்கு மத்தியானம் நம்ம வீட்டுக்கு வந்தேன்னு சொல்லிச்சு. அதச் சொல்லவும் அத்தை அவரு வாயப் பொத்துனாக."

"தண்ணி குடிக்க வந்தான். குடிச்சான், போனான்."

"வரவே இல்லன்னுல்ல இத்தன நாளும் சொல்லுவ?"

"தண்ணி குடிக்க வாரதெல்லாம் வந்த கணக்கா?" என்றேன்.

அரிசியில் கல்லே இல்லை, ஆனாலும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

பள்ளிக்கூட மரத்தடியில் கிராம சபை. மிட்டாய் கொடுத்தார்கள். குடிதண்ணீர்க் குழாய், சாக்கடை எல்லாம் பேசி முடித்துவிட்டு, பஞ்சாயத்துத் தலைவர் கல்லில் வெட்டுகிற வாசகத்தைப் படித்தார். ஆட்சேபணை உண்டா என்று கேட்டார்.

நான் எழுந்தேன். "இருக்கு. அந்தக் காயிதம் கலெக்டர் ஆபீசுல இருக்கு. அத இந்தச் சபையில படிச்சுட்டு அப்புறம் வெட்டுங்க."

ராக்காயி என் பக்கம் திரும்பாமல் தலைவரைப் பார்த்தே பேசினாள். "படிக்கட்டும். நல்லாச் சத்தமாப் படிக்கட்டும். செவிடாயிருச்சு எனக்கு."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அக்டோபர் 2 சபை வரைக்கும் தவணை கொடுத்தார்கள். அதற்குள் காகிதம் வராவிட்டால் கல்லில் அந்த வரி.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

மேல்முறையீட்டு விசாரணை. பெரிய அறை, சின்ன வயது அம்மா ஒருத்தி அதிகாரி. லூர்துமேரி சட்டத்தின் நம்பரைச் சொல்ல வாயெடுத்தது. அதிகாரியம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் சரிம்மா. குடுக்கச் சொல்லி உத்தரவு போடத்தான் போறேன். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க, இவங்ககிட்ட ஒண்ணு பேசணும்."

லூர்துமேரி வெளியே போனதும் டீ வரவழைத்தார். நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, கோப்ப நான் முழுசாப் படிச்சேன். நீங்க அவசியம் பாக்கணுமா?"

"அதுக்குத்தான வந்தேன்."

"உள்ள என்ன இருந்தாலுமா?"

"என் வீட்டுக்காரரு பேரு இருக்கு. அது போதும் எனக்கு."

கொஞ்ச நேரம் மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். ஆபீசர் டீ வாங்கிக் கொடுத்து எனக்கு இதுதான் முதல் தடவை. சர்க்கரை போட்ட டீதான், ஆனால் நாக்கில் ஒட்டவில்லை.

செப்டம்பர் 4

அணையில் புதிதாகச் சங்கு வைத்து ஊதிப் பார்த்தார்கள். ஆடு இரண்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. ராக்காயி வீட்டுப் பக்கமிருந்து ஒரு கத்தல் கேட்டது.

செப்டம்பர் 12, செவ்வாய்

கடிதம் வந்தது. 20-ஆம் தேதி பகல் பதினொரு மணிக்குப் பதிவறைக்கு வந்து பார்க்கலாம். ஜெயித்துவிட்டீர்கள் பெரியம்மா என்று லூர்துமேரி போனில் சொன்னது. சேலையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வைத்தேன்.

மூன்று நாளாக மழை. அணையில் தண்ணீர் ஏறுகிறது என்று பால்காரன் சொன்னான். அவனை யார் கேட்டது?

செப்டம்பர் 20, புதன்

பதிவறை என்பது தகரக் கதவு போட்ட நீளமான கட்டடம். சிவப்புத் துணியில் கட்டின மூட்டைகள் கூரை வரைக்கும். பதிவறை எழுத்தர் கோப்பைக் கொண்டுவந்து வைத்தார். மேல் அட்டையில் "இரகசியம்" என்று முத்திரை. அதன் மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் அந்த அதிகாரியம்மாவின் கையெழுத்து, தேதி. நாற்பத்து நாலு வருடத்தை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்கள். எழுத்தர் எதிரே உட்காரவில்லை. கதவுப் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

எனக்குப் பழைய கையெழுத்து ஓடாது. லூர்துமேரி மெதுவாகப் படித்தது.

முதல் தாள், உத்தரவு பெற்றுக்கொண்டதற்கான ரசீது. "ஊமையாற்று அணை இன்று மாலை ஆறு மணிக்குத் திறக்கப்படும். ஆற்றோரத்தில் குடியிருப்போர் மேடான இடத்துக்குச் செல்லத் தண்டோரா போடவும். பெறுபவர்: வெட்டியான் சடையாண்டி." கீழே நீல மையில் ஒரு கட்டைவிரல்.

"இதுதான்!" என்று கத்திவிட்டேன். "இது அவரு வெரலு இல்ல மேரி. அவரு வெரலு பெருசு, நகம் ஒடஞ்சிருக்கும்."

லூர்துமேரி தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தது. ரேகைக்குப் பக்கத்தில் சின்னதாக என்னவோ எழுதியிருந்தது.

"வ.கை" என்று படித்தது. "வலது கை."

"இருந்துட்டுப் போகட்டும்."

"பெரியம்மா, அந்தக் காலத்து ஆபீசுல ஆம்பளைன்னா எடது கை, பொம்பளைன்னா வலது கை. மாத்தி வாங்க மாட்டாங்க." குரலை இன்னும் தாழ்த்தியது. "இது ஒரு பொம்பளை வெச்ச கைநாட்டு."

வெளியே யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்கள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

"அடுத்த தாளப் படி" என்றேன்.

அடுத்தது சோணைமுத்து வாக்குமூலம். "வெட்டியான் ஊரில் இல்லாதபடியால் அவன் மனைவி குருவம்மாளிடம் உத்தரவைச் சொல்லிக் கைநாட்டு வாங்கினேன். நான் மேட்டுப்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது. ஆற்றோரத் தெருவுக்கு நீயாவது போய் வாயால் சொல் என்றேன். அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள்." இதன் மேல் குறுக்கே ஒரு கோடு. "சாட்சி பின்னர் மாற்றிச் சொன்னபடியால் ஏற்கவில்லை."

அதற்கடுத்த தாள் அவர் வாக்குமூலம்.

"நான் மேற்படி கிராம வெட்டியான். உத்தரவைத் தலையாரி என்னிடம்தான் நேரில் கொடுத்தார். என் மனைவி நிறைமாதக் கர்ப்பிணி, அப்போது வீட்டில் இல்லை, அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சாராயம் குடித்திருந்தபடியால் தூங்கிவிட்டேன். தண்டோரா போடவில்லை. இதற்கு நானே பொறுப்பு." கீழே கட்டைவிரல். இடது கை. பெரிய விரல். நகம் உடைந்த பக்கம் ரேகை பதியாமல் வெள்ளையாக இருந்தது.

கடைசித் தாள் பெரிய அதிகாரி எழுதியது. லூர்துமேரி அதை இரண்டு தடவை படித்துக் காட்டியது. "ஷட்டர் திறக்கப்பட்ட நேரம் பிற்பகல் 2.40. அறிவிப்பில் கண்ட நேரம் மாலை 6. வெட்டியான் குற்றத்தை ஒப்புக்கொண்டுள்ளபடியால் நேர வித்தியாசம் குறித்து மேல்விசாரணை தேவையில்லை. கோப்பு இரகசியமாக வைக்கப்பட வேண்டும்."

"ஆறு மணின்னு சொல்லிட்டு மூணுக்கு முந்தியே தெறந்துருக்கானுக" என்றது லூர்துமேரி. "ஒங்க வீட்டுக்காரரு கழுத்த நீட்டவும் அதோட கோப்ப மூடிட்டானுக. இதுக்குத்தான் ரகசியம்."

நகல் வேண்டுமா என்று எழுத்தர் கதவுப் பக்கமிருந்தே கேட்டார். வேண்டும் என்றேன். எல்லாத் தாளுமா என்றார். எல்லாத் தாளும் என்றேன்.

செப்டம்பர் 21

ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டேன்.

செப்டம்பர் 23, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து உண்டான வயிறு. அன்றைக்குக் காலையில் கிணற்றடியில் ராக்காயி, எல்லாப் பெண்களும் இருக்கும்போது, "இது யாரு கைவேலையோ" என்றாள். ஏழு பேர் சிரித்தார்கள். ஏழு பேர் பெயரும் தெரியும். உன் தெருவில் இனிமேல் கால் வைத்தால் என்னைச் செருப்பால் அடி என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் சோணைமுத்து வந்தான். தண்ணீர் குடித்தான். அதன் பிறகுதான் சொன்னான், அணை திறக்கிறார்கள், ஆறு மணிக்கு. மை தடவி என் விரலை வாங்கிக்கொண்டான். நீயாவது போய்ச் சொல் என்றான். மாட்டேன் என்றேன். இந்த மனிதர் நாலு மணிக்கு வந்துவிடுவார், அவர் வந்து கொட்டினால் போதும், ஆறு மணிக்குத்தானே என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும் உண்மை. ராக்காயி கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று நினைத்ததும் உண்மை. படுத்துக்கொண்டேன். நாலு மணிக்குத் தண்ணீர் வந்தது.

அவர் பொழுது சாயும்போது வந்தார், இடுப்பு வரைக்கும் சேறு. யார் யாரைத் தூக்கினார் என்று அவர் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். என் வயிற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சோணைமுத்து இங்க வரல. யாரு கேட்டாலும் அதத்தான் சொல்லணும்" என்றார். சொன்னேன். சொல்லிச் சொல்லி, எனக்கே அவன் வராதவன் ஆகிவிட்டான்.

ஆனால் சர்க்காரிடம் என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. விசாரணை நடந்த பங்களாவுக்கு வெளியே புளியமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவர் "ஒண்ணுமில்ல, வா" என்றார்.

செப்டம்பர் 25, திங்கள்

மணியக்காரர் வீட்டுக்குப் போனேன். செருப்போடு போனேன். தொண்ணூற்றிரண்டு வயது, கட்டிலில் துணிபோலக் கிடக்கிறார். மகன் என்னை நாற்காலியில் உட்கார வைத்தான்.

"எடுத்துட்டியா குருவம்மா?" என்றார்.

"எடுத்துட்டேன்."

"வேணாம்னு சொல்லிவிட்டேன்ல."

"நீங்க ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒங்க வீட்டு வாசல்ல வெச்சு ஒங்க கைய வெட்டணும்னு மண்ண வாரித் தூத்துனேனே. ஒங்க பேரன் ஆசுபத்திரியில கெடந்தப்பக்கூட நல்லா வேணும்னு சொன்னேனே."

"கேட்டுச்சு" என்றார். மூச்சு வாங்கியது. "சடையாண்டி இந்தக் கட்டில் காலப் பிடிச்சுக்கிட்டு அழுதான். அவளுக்கு இந்த மாசம் புள்ள, செயில்ல பொறக்க வேணாம் சாமின்னான். அவளுக்குத் தெரியவே கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டான். சோணைமுத்துவையும் நாந்தான் மாத்திச் சொல்ல வெச்சேன். எங்களுக்கும் அது வசதியாப் போச்சு, பொய் சொல்ல மாட்டேன். மேல இருந்து நெருக்குனாங்க. ஒரு ஆளு வேணும்னாங்க."

"என்னையக் குடுத்துருக்கலாமே."

"அவன் குடுக்கல" என்றார்.

கிளம்பும்போது அவர் மகன் வாசல் வரைக்கும் வந்தான். அன்றைக்குக் கொடுத்த பழம் இனிப்பாக இருந்ததா என்று கேட்டான். இருந்தது என்றேன்.

அக்டோபர் 1, ஞாயிறு

செல்லத்தாய்க்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். நான் வயிற்றில் இருந்ததுக்காகவா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து போய்ப் பாத்திரம் விளக்கினாள். விளக்கின பாத்திரத்தையே மறுபடியும் விளக்கினாள்.

பிறகு வந்து, "யம்மா, கடேசித் தாள மட்டும் படிச்சாப் பத்தாதா? அணையத் தெறந்தது அவுகதான? அப்பா பேரும் சுத்தமாயிரும், ஒனக்கும் ஒண்ணும் வராது" என்றாள்.

நான் அதை யோசிக்காதவள் இல்லை. மூன்று நாளாக அதைத்தான் யோசித்தேன்.

அக்டோபர் 2, திங்கள்

சபைக்கு வந்தவர்கள்: தலைவர், கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சிச் செயலர், மணியக்காரர் மகன், தெருச் சனம் எல்லாம், லூர்துமேரி, செல்லத்தாய், நான். முன்வரிசையில் ராக்காயி, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு.

லூர்துமேரி படித்தது. எல்லாத் தாளும், முதலில் இருந்து. "குருவம்மாளிடம்" என்ற இடத்தில் அது நின்றது. சத்தமாப் படி என்றேன். "அந்தத் தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று அவள் சொன்னாள்" என்பதைச் சத்தமாகப் படித்தது. 2.40 என்பதையும் படித்தது. தூறல் விழுந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

ராக்காயி எழுந்து என்னிடம் வந்தாள். நாற்பத்து நாலு வருடம் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தாள். செல்லத்தாய் குறுக்கே வந்தாள், நான் தள்ளிவிட்டேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன்.

"ஏண்டி வர மாட்டேன்ன?"

"காலையில கெணத்தடியில நீ சொன்னதுக்கு."

"என்ன சொன்னேன்?"

சொன்னேன். எந்தக் குடம், யார் யார் சிரித்தார்கள், எல்லாம் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கி யோசித்தாள். ரொம்ப நேரம் யோசித்தாள்.

"எனக்கு ஞாபகமே இல்லடி குருவம்மா" என்றாள்.

அடித்திருக்கலாம் அவள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கல்லில் என்ன வெட்டுவது என்று கேட்டார். என் பெயரை வெட்டுங்கள் என்றேன். குருவம்மாள் சொல்லாததால் என்று போடுங்கள் என்றேன்.

ராக்காயி திரும்பினாள். "எம் புள்ளைக பேரு இருக்குற கல்லுல ஒம் பேரா? பேருக மட்டும் போடு தலைவரே. அணையத் தெறந்த மணியப் போடு. வேற ஒரு எழுத்து இருக்கக் கூடாது." சொல்லிவிட்டு முக்காட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். தீர்மானம் அப்படியே நிறைவேறியது. சடையாண்டி பெயரில் குற்றம் இல்லை என்று ஊராட்சிச் செயலர் தனியாக எழுதிக்கொண்டார். நான் கேட்டு வந்தது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து கஞ்சி வைத்தேன். இறங்கவில்லை. நோட்டை எடுத்தேன்.

மணியக்காரரை விட்டுவிட்டேன். சோணைமுத்துவையும், கிணற்றடியில் சிரித்த ஏழு பேரையும், சாவுக்கு வராத தெருவையும் விட்டுவிட்டேன். ஷட்டரைத் திறந்தவன் யாரென்று கோப்பில் பெயரே இல்லை, அவனை எதைச் சொல்லித் திட்டுவது? என்னை மன்னிப்பது என் கையில் இல்லை, அது ராக்காயி கையில் இருக்கிறது. அவள் செய்ய வேண்டியதும் இல்லை.

ஒரே ஒரு ஆள். விசாரணைக்குப் பிறகு பதினேழு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட ஆள். நான் மணியக்காரரைச் சபிக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்த ஆள். என் குற்றத்தை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, அதைச் சுமக்க எனக்குத் தெம்பு இருக்காது என்று தானே முடிவு பண்ணின ஆள். ஒரு நாள் சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே ஆற்றோரத் தெருவுக்குப் போயிருப்பேன். ராக்காயிக்கு அப்போது என்னை அடிக்கக் கையில் பலம் இருந்தது. எனக்கும் வாங்கிக்கொள்ள உடம்பு இருந்தது. அழுது தீர்க்க இரண்டு பேருக்கும் வயது இருந்தது. அவ்வளவையும் தூக்கிக்கொண்டு போய்ச் சுடுகாட்டில் படுத்துக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லாமல்.

அவரை நான் மன்னிக்க மாட்டேன். பெயரை எழுதி வைக்கிறேன்.

சடையாண்டி.